தறிக்குழிக்குள் ஒரு தீபாவளி

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீடு. உள்ளே நுழைந்ததும் பட்டு பளபளக்கும், அதிரசம் மணக்கும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனால், முதலில் கண்ணில் பட்டது ஒரு முதுகு. வீட்டுக்கார அண்ணன் தறிக்குழிக்குள் இறங்கி, தலையைக் கவிழ்த்து, டார்ச் அடித்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பூஜைக்குச் சுத்தம் பண்றீங்களா?"

"தறிக்குப் பூஜை ஆயுத பூஜையோட முடிஞ்சுது. இது ராஜாவுக்கு ரூம்."

அடடா! பண்டிகையின் திரைக்குப் பின்னால் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே!

ராஜா இந்த வீட்டு நாய். கறுப்பு, கொழுகொழு, அசாத்தியத் தொடைநடுங்கி. தெருமுனையில் ஒரு ஓலைப் பட்டாசு வெடித்தால் போதும், அவனைக் கண்டுபிடிக்க அரைமணி நேரமாகும். இரண்டு தீபாவளிக்கு முன்பு அவனே கண்டுபிடித்த இடம்தான் இந்தக் குழி. குழித்தறியில் நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பது இந்தப் பள்ளத்தில்தான். சுற்றிலும் மண், ஜன்னல் கிடையாது, மேலே தறி. பயந்த நாய் கட்டிலடியிலும் பீரோ இடுக்கிலும் தேடுவது இதே இருட்டைத்தானே! கடைசிச் சேலையை அறுத்துக் கொடுத்துத் தறியும் ஓய்ந்திருப்பதால் இடத்துக்குப் போட்டியில்லை.

அவன் நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மனிதக் காதுக்குக் கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்குச் சுமார் 45,000, பூனைக்கு 60,000க்கும் மேலே. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பட்டாசுக்கு விதி இருக்கிறது. அந்த 125 நம் காதுக்கே கொஞ்சமா நஞ்சமா?

சரி, குழிக்குள் அண்ணன் எதைப் பொறுக்குகிறார்? நூல் துணுக்குகளை. இங்கேதான் கதையின் இரண்டாவது நாயகி குதித்து வருகிறாள்: ஜரிகை. பூனை. சாம்பல் நிறம், மூக்கில் ஒரு பொன்னிறப் பொட்டு, அதனால் அந்தப் பெயர். பாவுக்குக் கஞ்சி போடுகிற வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம். எலி இருந்தால் பட்டு நூலுக்கு ஆபத்து. ஆகவே நெசவு வீட்டில் பூனை செல்லப்பிராணி இல்லை, காவல் உத்தியோகம். ஆனால் இந்த உத்தியோகஸ்தருக்கு நூலைக் கண்டால் புத்தி கெட்டுவிடும். நூல் சுற்றிய தார் உருண்டால் பின்னாலேயே பாய்ச்சல், தொங்குகிற இழையை ஒரே கவ்வு.

பார்க்க அழகு. விளைவு பயங்கரம். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. ஒட்டிய இழையைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அதுபோலக் குடல் கொசுவிக்கொள்ளும். இறுகின நூல் குடலையே அறுத்துவிடும். காஞ்சிப் பட்டின் உறுதி உலகப் புகழ் பெற்றது. இங்கே அதுதான் வினை. ஜரிகை நூலிலும் உள்ளே இருப்பது பட்டு, மேலே வெள்ளி, அதன் மேலே தங்கம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் கை தானாக இழுக்கப் போகும். இழுக்கவே கூடாது. பூனையைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவரிடம் ஓட வேண்டும். கைமீறிய நிலைமை என்றால் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

புதுப் புடவைப் பெட்டியின் ரிப்பன், பூ கட்டிய நார், சரவெடியின் திரி எல்லாமே இந்த ரகம்தான். வீட்டு ஆயா மல்லிகை தொடுத்து முடித்ததும் மிச்ச நாரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வதைப் பார்த்தேன். "கீழ போட்டா அவ முழுங்கிடுவா!"

இனி அடுக்களை. உள்ளே எட்டிப் பார்க்க அண்ணி அனுமதித்தார், வாசல்படியைத் தாண்டாமல். ராஜாவுக்கும் அதே எல்லைக்கோடு! முறுக்கு ஒன்று உடைந்து விழுந்ததும் அவன் மூக்கு கோட்டைத் தாண்டியது, அண்ணியின் கரண்டி உயர்ந்தது, மூக்கு பின்வாங்கியது. சினிமா தோற்றது.

இந்த ஊர் நாய்க்குப் பண்டிகையென்றால் பிரசாதமும் உண்டே. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, நெய். வெங்காயம் இல்லை, நல்லவேளை. வெங்காயமும் பூண்டும் நாய் பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. ஆனால் நெய் தாராளமாக உள்ளே போனால் நாய்க்குக் கணையம் வீங்கலாம். சர்க்கரைப் பொங்கலில் முந்திரிக்குப் பக்கத்தில் உப்பிக்கிடக்கிற திராட்சை இன்னும் மோசம், சிறுநீரகத்தையே முடக்கலாம். என்னைத் தூக்கிவாரிப்போட்டது புளியோதரை! திராட்சையின் நஞ்சு எதனால் என்பது வெகுகாலம் புரியாத புதிராக இருந்தது. 2021இல் அமெரிக்க விலங்கு நஞ்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டினார்கள். அந்த அமிலம் மண்டிக்கிடப்பது நம் புளியில். பெருமாளுக்கு உகந்தது, பைரவருக்கு ஆகாது. சாக்லேட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அண்ணி அதைக் குழந்தைகளுக்கும் எட்டாத உயரத்தில் வைத்திருந்தார்.

பூஜையறையையும் விடவில்லை. அரளிப்பூ மாலை உயரத்தில், கற்பூர டப்பா மூடியோடு. அரளி இதயத்தைத் தாக்கும், கற்பூரம் வலிப்பை உண்டாக்கும். மருந்துப் பெட்டியும் அப்படியே. பூனைக்கு மேல் சுடுகிறதே என்று பாதி பாராசிட்டமால் கொடுக்கிற அன்புள்ளங்கள் நம்மில் நிறைய. பூனையின் ஈரலுக்கு அதைக் கரைத்து வெளியேற்றத் தெரியாது. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கலாம்.

இதே நரக சதுர்த்தசியன்று நேபாளத்தில் நாய்களுக்குச் சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் திலகமிட்டு விருந்து வைக்கிறார்கள். குகுர் திஹார் என்று பெயர். இங்கே நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெடி வைக்கிற நாள், அங்கே நாய்க்குத் திருநாள்! ராஜாவிடம் சொல்லவில்லை. மூட்டை கட்டிவிடுவான்.

மறுநாள் மாலை ஆறரைக்கே ஆஜராகிவிட்டேன். 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததிலிருந்து தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஊரார் கடிகாரம் பார்க்கிறார்களோ இல்லையோ, இந்த வீட்டில் பார்க்கிறார்கள். விடியலில் நாலரைக்கே ராஜாவை வெளியே கூட்டிப்போய் வந்தாயிற்று, மாலையில் ஐந்துக்கு இன்னொரு முறை, இரண்டுமே கயிறு கட்டித்தான். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதிய தகடு. வெடிக்கு மிரண்டு ஓடும் நாய் வழி தவறிப்போவதுதான் ஒவ்வொரு தீபாவளியும் நடக்கிறதே. ஜரிகைக்கு உள்ளறை, மண் தட்டு, தண்ணீர், சாத்திய ஜன்னல்.

ஏழு மணி. டமார்! ராஜா ஒரே தாவலில் குழிக்குள். பழைய கோணிச் சாக்கு விரித்திருந்தது, மேலே ஒரு போர்வை. அப்புறம் அண்ணன் செய்த வேலையில் எனக்குப் புல்லரித்துவிட்டது. செல்போனை எடுத்துக் குழியோரம் வைத்தார். அதிலிருந்து டக்... டடக்... டக்... அவருடைய தறியின் சத்தமேதான்! போன வாரம் நெய்யும்போது பதிவு செய்தது.

"தினம் இதைக் கேட்டுக்கிட்டே தூங்கறவன். இன்னிக்குத் தறி நிக்குது, வெடி மட்டும் கேக்குது. பயப்படாம என்ன பண்ணுவான்?"

பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தவறு. பயம் பரிசுக்காகச் செய்கிற வித்தையல்ல, ஆறுதல் சொன்னால் அது வளராது. அண்ணன் குழியில் காலைத் தொங்கவிட்டு, நெய்கிறபோது உட்காருவது போலவே உட்கார்ந்தார். ராஜா அவர் பாதத்தின் மேல் முகவாயை வைத்துக்கொண்டான். வெளியே தெரு கிழிந்துகொண்டிருந்தது.

எட்டே கால் இருக்கும், சத்தம் கொஞ்சம் அடங்கியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு மூக்கு வந்தது. உள்ளறைக் கதவைச் சுரண்டி ஜரிகை கத்தினாள். அண்ணி கதவைத் திறக்கப் போனார்.

"இரு, இரு" என்று அண்ணன் கைகாட்டினார். தன் வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த அரக்கு நிற இழை ஒன்றைப் பிரித்தெடுத்து, விரலில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப திற."