பட்டியல் நீள நீள, கணினிக்கு இடம் எங்கிருந்து கிடைக்கிறது?

தியேட்டரில் நண்பர்கள் நான்கு பேர் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐந்தாவது ஆள் வருகிறார். பக்கத்து இருக்கையிலோ வேறு யாரோ! பிரியவும் மனமில்லை. என்ன செய்வீர்கள்? கூட்டமாக எழுந்து காலி வரிசைக்குப் போக வேண்டியதுதான்.

நிரலில் பட்டியலை வைத்திருக்கும், நீளக்கூடிய அணியும் (array) இப்படித்தான். அதன் உறுப்புகள் நினைவகத்தில் ஒட்டியே இருக்க வேண்டும். அப்போதுதான் ஆயிரமாவதை நேரே எட்டலாம். இடம் போதாவிட்டால் பெரிய இடம் பிடித்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, பழையதை விட்டுவிடும்.

ஒவ்வொருவர் வரும்போதும் இடம் மாறினால்? பெரும் தொல்லை! அதனால் ஜாவா மொழியில் இப்படி நீளும் அணியான அரேலிஸ்ட் (ArrayList) ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கிறது: 10 நிறைந்தால் 15, பிறகு 22. கொஞ்சம் இடம் வீண்தான், அலைச்சல் மிச்சம்.

சி மொழியிலோ, படம் முடிந்ததும் இருக்கையை, அதாவது பிடித்த நினைவகத்தை, திருப்பித் தருவதும் உங்கள் வேலை. மறந்தால், நிரல் முடியும்வரை அது யாருக்கும் கிடைக்காது.