அன்று அட்டஸ்டேஷன் படிவம், இன்று பதிவு எண்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது 1956இல். மின் உற்பத்தி தொடங்கியது 1962இல். பொதுத்துறை வேலையில் சேர வந்தவர் நிரப்பித் தந்த தாள்களில் ஒன்று அட்டஸ்டேஷன் படிவம். எந்தெந்த ஊரில் குடியிருந்தீர்கள், கைதானதுண்டா, வழக்கு நிலுவையில் உண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று அது கேட்கும். சொந்த ஊர்க் காவல் நிலையம் வரை அந்தத் தாள் போகும். ஏட்டு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். சுரங்கத்து ஃபிட்டருக்கும் நிறுவன மருத்துவமனை டாக்டருக்கும் இதே விசாரணைதான். நோயாளியை மனத்தில் வைத்து எழுதிய விதி அல்ல அது. ஆனாலும் அதன் பலன் நோயாளிக்கும் கிடைத்தது.

மனநோய்க்கு அப்போது ஆண்டது 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவருக்கு மனம் கலங்கினால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, இல்லையேல் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. அதையும் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குத் தெரியாமல்தான் அழைத்துப் போவார்கள்.

இன்று தேர்வுக்குப் பயந்த பிள்ளையை வெளிப்படையாகவே ஆலோசகரிடம் அழைத்துப் போகிறோம். 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை கிடைக்கிறது. இது சின்ன மாற்றம் அல்ல.

ஆனால் எதிரில் உட்கார்ந்து கேட்பவர் யார்? மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிகிறார். மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிகிறார். இந்தப் பதிவேடுகள் முதன்மையாகப் பார்ப்பது படிப்பை. மருத்துவர் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். அது நடந்து முடிந்த பிறகு வருவது. வெறும் 'கவுன்சலர்' என்று பலகை மாட்டியவரை ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவரவே 2021இல்தான் சட்டம் பிறந்தது. அதன் நடைமுறை மெதுவாக நகர்கிறது.

2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் ஒரு கதவை அடைத்தன. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள், நிரந்தரமோ ஒப்பந்தமோ, எல்லாப் பணியாளரையும் அவ்வப்போது காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். பள்ளி ஆலோசகர் இதற்குள் வருகிறார். அவரே மாலையில் தனி அறை எடுத்து அதே பிள்ளையைப் பார்த்தால்? தமக்குத் தாமே முதலாளியானவரை யார் சரிபார்ப்பது? 2018இல் தொடங்கிய தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் காவல்துறையினரின் பார்வைக்கு மட்டுமே. பிரிட்டனில் இத்தகைய சரிபார்ப்புக்கென்றே தனி அரசு அமைப்பு இருக்கிறது.

காவல் சான்றிதழை இப்போது இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். ஏட்டு தெருவில் விசாரித்த காலத்தை விட விரைவுதான். ஆனால் எல்லா வழக்கும் ஒன்றல்ல. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் நெற்பயிர் மீது நிலக்கரி நிறுவனத்தின் இயந்திரம் இறங்கியதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பலர் கைதானார்கள். அப்படியொரு வழக்கையும் குழந்தையிடம் அத்துமீறிய வழக்கையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். முன்வரலாற்றைப் பார்க்கையில் குற்றத்தின் தன்மையை எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல், அவதார் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. சரிபார்ப்பு வேண்டும், அதைப் படிக்கிறவருக்கு நிதானமும் வேண்டும்.

பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். காவல் சான்றிதழையும் கேளுங்கள். கேட்டதற்கே கோபப்படுபவரிடம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.