உடைக்கப்போற டிராக்டருக்கு என்ன விலை கொடுக்கலாம்?

போன வருஷம் ஆடி மாசக் கடைசியில் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, மூணு செத்த டிராக்டரை வாங்கப்போறேன்னு நிக்கிறாரு. என் செயினைக் கேக்குறாரு. நீ கொஞ்சம் பேசு."

மாப்பிள்ளைக்கு அறந்தாங்கி பக்கம் டிராக்டர் பட்டறை. ரிப்பேர் பார்ப்பதோடு ஓடாத வண்டிகளை வாங்கி, பிரித்து, சாமான் விற்பதும் உண்டு. இதுவரை ஒன்றொன்றாகத்தான் வாங்கியிருக்கிறார். இப்போது ஒரு வீட்டில் மூன்று மாஸி 1035 மொத்தமாக வந்திருக்கிறது. பெரியவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கொட்டகையைக் காலி செய்கிறார்கள். கேட்ட விலை 2,40,000.

"ஒரு வண்டியில ஒன்றரை லட்சத்துக்குச் சாமான் இருக்கு மச்சான். மூணுக்கு நாலரை. பாதி விலைக்குக் கிடைக்குது" என்றார்.

நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். கிராங்க்கையும் கேம் ஷாப்ட்டையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று நிதானித்துத்தான் சொல்வேன். ஆனால் அந்த "ஒன்றரை லட்சம்" எப்படி வந்தது என்று கேட்கத் தெரியும். சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்து அவருடைய பழைய பில் புத்தகத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டோம். இதே தொழிலில் இருக்கிற யாருக்காவது உதவும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். விலைகள் எல்லாம் அவர் பட்டறை விலை; உங்கள் ஊரில் மாறும்.

முதலில் அடிமட்டம். எதுவுமே விற்காவிட்டாலும் இரும்பு எடைக்குப் போகும். 1035 சுமார் 1,700 கிலோ. டயர், எண்ணெய், மண் எல்லாம் போக 1,400 கிலோ என்று வைத்தோம். அன்றைக்கு அவருக்குப் பழக்கமான பழைய இரும்புக் கடையில் கிலோ 28 ரூபாய். 39,200. இதற்குக் கீழே எந்த விற்பவரும் இறங்க மாட்டார், இறங்கினால் ஆர்.சி.யைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சாமான். கியர்பாக்ஸ் 30,000, ஹைட்ராலிக் 22,000, கிரவுன்-பினியன் 15,000, கிராங்க் 12,000, டீசல் பம்ப் (அவர் வாயில் இன்னும் "மைக்கோ பம்ப்"தான்) 14,000, பின் டயர் ஜோடி 16,000, முன் ஆக்சிலும் ஸ்டியரிங் பாக்ஸும் 18,000, செல்ப், டைனமோ, ரேடியேட்டர், பானெட் இத்யாதி 23,000. கூட்டினால் சரியாக 1,50,000. மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை.

"இதுல எது நல்லா இருக்கும்னு பிரிக்காமலே சொல்ல முடியுமா?"

"அது எப்படி மச்சான் சொல்றது?"

"இதுவரைக்கும் பிரிச்ச வண்டியில பத்துக்கு எத்தனை கியர்பாக்ஸ் விக்கிற மாதிரி இருந்துச்சு?"

யோசித்து "ஆறு" என்றார். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஹைட்ராலிக் அஞ்சு, கிரவுன்-பினியன் ஏழு, கிராங்க் நாலு, பம்ப் அஞ்சு, முன் ஆக்சில் எட்டு, சில்லறை ஏழு. டயர் கண்ணுக்குத் தெரிவதால் பத்துக்குப் பத்து. கிராங்க்குக்கு ஏன் நாலுதான் என்றால், ஏற்கெனவே லேத்தில் கிரைண்டிங் பண்ணி 10, 20, 30 என்று சைஸ் இறங்கியிருக்கும். கடைசி சைஸுக்கு வந்துவிட்டால் அது கிராங்க் இல்லை, இரும்பு. விலையை வாய்ப்பால் பெருக்கினால் 1,50,000 என்பது 97,800 ஆகிறது.

அந்தப் பணமும் நாளைக்கே வராது. டயரும் பம்ப்பும் மாசத்துக்குள் போகும். ஸ்டியரிங் பாக்ஸ் ரெண்டு வருஷம் வேப்பமரத்தடியில் கிடக்கும், கோழி அடையும். சராசரி ஒரு வருஷம் என்று வைத்தால், அடகுக்கடை நூத்துக்கு ரெண்டு வட்டிக்கு (வங்கியில் வைத்தால் இவ்வளவு ஆகாது என்றேன், அது தனிச் சண்டை) 97,800-ஐ 1.24-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 78,900. விற்காத கட்டை இரும்பு 800 கிலோ, 22,400. லாரி, பிரிக்கிற கூலி, கேஸ் கட்டிங் எல்லாம் 21,000 கழித்தால் மிச்சம் 80,300. இது நஷ்டமும் இல்லை லாபமும் இல்லை என்கிற விலை. அவர் உழைப்புக்கு 20 சதவீதம் வேண்டும் என்றால் 67,000-க்கு மேல் கொடுக்கக் கூடாது.

மாப்பிள்ளை உடனே, "அப்ப மூணுக்கு ரெண்டு லட்சம் கொடுக்கலாம்ல?" என்றார். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். மூன்றும் ஒரே மாடல். ஒரு கியர்பாக்ஸை விற்க ஆறு மாசம் ஆகும் ஊரில், மூன்றாவது கியர்பாக்ஸ் விற்க ஒன்றரை வருஷம். இரண்டாவது வண்டிக்குச் சராசரி ரெண்டு வருஷம், மூன்றாவதுக்கு மூணு வருஷம் என்று போட்டால் 56,000, 48,500 என்று இறங்குகிறது. மூன்றும் சேர்த்து 1,71,500. கேட்ட விலைக்கு இது எட்டாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதே வண்டிகளைத் திருச்சிப் பக்கமிருந்து ரெண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். 1971-ல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்று மூன்று அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலடியில் எவ்வளவு எண்ணெய் என்று யாருக்கும் நிச்சயமில்லாத ஏலத்தில், ஒவ்வொருவர் மதிப்பீடும் கூடக் குறைய இருக்கும். ஏலத்தை ஜெயிப்பவர் யாரென்றால், மதிப்பை அதிகமாக எடைபோட்டவர். ஜெயித்ததே அவர் தப்பாகக் கணக்குப் போட்டதற்கு அடையாளமாக இருக்கலாம். ஆகவே போட்டிக்கு ஆள் கூடக் கூட நம் விலையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். நம் மனசோ நேர்மாறாக, ஆள் வந்தால் ஏற்றுகிறது. மூடிக் கிடக்கிற கியர்பாக்ஸும் கடலடி எண்ணெயும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

ஆனால் டிராக்டரில் ஒரு வசதி, மூடியைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். மாஸி 1035-ல் கியர்பாக்ஸ், கிரவுன்-பினியன், ஹைட்ராலிக் பம்ப் மூன்றும் ஒரே எண்ணெயில் ஓடுபவை. நான் அறுபது, எழுபது, ஐம்பது என்று தனித்தனியாக எழுதிய மூன்று வாய்ப்பும் உண்மையில் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. கெட்டால் சேர்ந்து கெடும். அதனால் ஒரு டம்ளர் எண்ணெய் 67,000 ரூபாய்ச் சாமானைப் பற்றிப் பேசும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஒரு ஸ்பேனர், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு காந்தம். முதல் வண்டி எண்ணெய் கறுப்பு, ஆனால் தெளிவு. காந்தத்தில் மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டியது, பொடித் துண்டு இல்லை. இரண்டாவது மோர் மாதிரி வெளுத்து வந்தது. கேஜ் வீல் போட்டுச் சேற்று உழவு ஓட்டிய வண்டி. ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறது. மூன்றாவதை நாங்கள் திறக்கவே இல்லை. ஆர்.சி.யில் கடன் பதிவு அப்படியே இருந்தது. கடன் எப்போதோ கட்டியாச்சு என்றார்கள், தடையின்மைச் சான்றிதழ் மட்டும் கையில் இல்லை. உடைத்த வண்டியை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. பேப்பர் இல்லாத சேஸிஸ் நம்பர் பட்டறையில் கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை.

இரண்டாவது வண்டியில் அந்த மூன்று சாமானுக்கும் பூஜ்யம் போட்டு, இரும்பு எடையை 1,100 ஆக்கிப் பார்த்தால் 41,000. ஆக 67,000, 41,000. மொத்தம் 1,08,000 என்று சொல்லிவிட்டு வந்தோம். பிள்ளைகளில் மூத்தவர் சிரித்தார். புரட்டாசியில் அவரே கூப்பிட்டார், மூன்றாவது வேறு யாருக்கோ போய்விட்டது. 1,15,000-க்கு முடிந்தது. மேல் 7,000 ஏன் என்று கேட்டதற்கு, "அவ்வளவு தூரம் கூப்பிட்ட மனுசன்கிட்ட எப்படி மச்சான்" என்றார். செயின் 80,000-க்குப் போனது.

பதினொரு மாசம் ஆகிறது. முதல் வண்டியின் கியர்பாக்ஸ் 32,000-க்கும் ஹைட்ராலிக் 20,000-க்கும் போயின. ரெண்டு ஜோடி டயரில் 29,000. ஒரு பம்ப், ஒரு முன் ஆக்சில் சேர்த்து 21,000. இரும்பில் 25,200. ஆக 1,27,200, போட்டது செலவோடு 1,53,000, வட்டி தனி. செயினை ஆனியில் மீட்டாச்சு, பட்டறைப் பணத்தையும் கொஞ்சம் சேர்த்து. முதல் வண்டி கிராங்க் 30 சைஸுக்கு வந்திருந்தது, எடைக்குத்தான் போனது.

நான் பூஜ்யம் போட்ட இரண்டாவது வண்டியின் பின் ஹவுசிங்கை இரும்போடு இரும்பாக அனுப்பிவிட்டோம். ரெண்டு வாரம் கழித்துப் பேராவூரணியிலிருந்து ஒருவர் வந்து, உள்ளே எதுவும் வேண்டாம், வெறும் ஹவுசிங் மட்டும் இருக்கா என்று கேட்டாராம். மாப்பிள்ளை இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் "காலி ஹவுசிங்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பத்துக்கு எத்தனை என்று எழுத இன்னும் கை வரவில்லை.