அன்பியம்: தெருவும் உலையும்

கத்தோலிக்கப் பங்குகளில் ‘அன்பியம்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பங்கைச் சின்னச் சின்ன அண்டைவீட்டுக் குழுக்களாகப் பிரித்து, வாரமோ மாசமோ ஒரு வீட்டில் கூடுவார்கள். மெழுகுவத்தி, பாட்டு, விவிலியத்தில் ஒரு பகுதி, அதைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை, மன்றாட்டு. முடிந்ததும் சுண்டல், காப்பி. கோயிலில் வாய் திறக்காத பெண்கள் இங்கே பேசுகிறார்கள். சாமியார் பேச, சனம் கேட்க என்றிருந்த சொல்லாடலில் விழுந்த கீறல் இது. லேசான விஷயமில்லை.

இதன் பூர்வீகம் லத்தீன் அமெரிக்கா. பிரேசிலில் 1964 முதல் 1985 வரை நீடித்த ராணுவ ஆட்சியில் சங்கங்கள் நசுக்கப்பட்டபோது, விவிலியம் வாசிக்கக் கூடிய ஏழைகளின் ‘அடித்தளச் சமூகங்கள்’தான் நிலம், கூலி, தண்ணீர் பற்றிப் பேசும் இடங்களாயின. 1968இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய ஆயர்கள் அவற்றை அங்கீகரித்தார்கள். 1990இல் பாண்டுங்கில் ஆசிய ஆயர்களும் இந்த வழியைப் பரிந்துரைத்தார்கள். ஆனால் பிரேசிலின் குடிசைப் பகுதியில் அண்டைவீட்டுக்காரர் என்றால் பெரும்பாலும் நம்மளப் போல இல்லாதப்பட்டவர்தான். அவர் பாடும் நம்ம பாடும் ஒண்ணு.

தமிழ்க் கிராமத்தில் அண்டைவீடு என்பது சாதி. தெரு பிரிச்சு அன்பியம் வெச்சா, சாதி பிரிச்சு வெச்சதாத்தான் அர்த்தம். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, ஊரின் வரைபடமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேலத்தெரு அன்பியம் பிறரன்பு பற்றி மணிக்கணக்கில் பகிர்ந்துகொள்ளும்; அந்தப் ‘பிறர்’ ஒருநாளும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டார். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டுப் போராடினார்கள். வன்முறை, துப்பாக்கிச்சூடு, இரண்டு சாவு. ஒற்றுமை போச்சே என்று பதறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: கல்லறைகூடப் பிரிந்து கிடந்த ஊரில்தான் அந்தக் கோரிக்கை எழுந்தது.

ஆக, கூடுவது மட்டும் சமூகமாகிவிடாது. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுலுக்குக் கோபம் வருவது சாப்பாட்டு விஷயத்தில். இருக்கப்பட்டவர்கள் முந்திக்கொண்டு தின்று குடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பின்னால் நற்கருணை மெல்லிய அப்பமாகச் சுருங்கியதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது, அதாவது மறைந்தது. நாக்கில் கரைந்துபோகும் அப்பத்தைப் பார்த்து ‘யார் சமைச்சது?’ என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை மறுபடி எழுப்பியவர் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்றே அவரைப் பலருக்குத் தெரியும். எனக்கு அவருடைய ‘ஒரு ஒலை’ என்ற கருத்து இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதுதான் நற்கருணை. உலை தனித்தனியாக இருக்கும்வரை பலிபீடம் ஒன்றாக இருந்து பயனில்லை. ஏட்டில் பிறந்த இறையியல் இல்லை இது, அடுப்படியில் பிறந்தது.

சமபந்தியை இங்கே மேலிருந்தும் ஏவிப் பார்த்திருக்கிறார்கள். தீண்டாமைக்கு ஆளானவர் சமைத்ததை உண்டு காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று 1850இல் சென்னையில் புராட்டஸ்டண்டு மிஷனரிகள் தீர்மானம் போட்டார்கள். லைப்சிக் லுத்தரன்கள் சேரவில்லை. நோக்கம் சரிதான். ஆனால் வெள்ளைக்கார ஐயர் முன்னால் ஒரு கவளம் விழுங்கினால் பரீட்சை பாஸ், அதுக்கப்புறம் அவரவர் அடுப்பு அவரவருக்கு. ‘ஒரு ஒலை’ என்பது பரீட்சை இல்லை, பழக்கம். தினமும் பசிக்கிறது, தினமும் பொங்கணும்.

அன்பியத்தை நடத்துகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். குழுவின் எல்லையைத் தெருவுக்குக் குறுக்கே போடட்டும். சுண்டலோடு நிறுத்தாமல் காலனி வீட்டில் உலை ஏற்றட்டும். ‘வயிறு சரியில்ல’, ‘வீட்லயே சாப்ட்டு வந்துட்டேன்’ என்ற குரல்கள் வரும். பங்குப் பேரவையின் அறிக்கையில் ஏறாத விவரம் அந்தக் குரல்களில் இருக்கிறது. இன்னொன்றும் கேட்டாகணும்: அந்த ஒரே உலையின் முன்னால் வேர்த்து நிற்பது பெண்கள் மட்டும்தானா, ஆம்பளைகள் விவிலியத்தை வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்களா?