மீன்தொட்டியில் எல்லைத் தகராறு

எங்கள் கிளையின் காத்திருப்புக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்று உள்ளது. கௌராமி, மோலி மீன்களுடன் ரெட் டெயில் ஷார்க் ஒன்றையும் அதில் விட்டிருந்தோம். பெயரில்தான் சுறா, உண்மையில் தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட கெண்டைக் குடும்ப மீன். வளர்ந்ததும் அது கற்குகையொன்றைத் தனதாக்கிக்கொண்டு, அருகில் வந்தவற்றையெல்லாம் விரட்டத் தொடங்கியது. டோக்கனுடன் காத்திருந்தோர் அதனை வேடிக்கை பார்த்தனர். எங்களுக்கோ கவலை: வால் கிழிந்த கௌராமியொன்று மூலையில் ஒடுங்கி, இரையையும் மறுத்தது.

இந்நிலையில் துணைக்கு இன்னொரு ஷார்க்கை விடுதல் பெருந்தவறு. தன்னினத்தைக் கண்டால் இதன் சினம் மிகும். நாங்கள் அதனை ஒரு வாரம் தனித்தொட்டிக்கு மாற்றினோம். அதற்குள் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி, பார்வையை மறைக்கும் புதர்களைக் கூட்டினோம். பழகிய அடையாளங்களைக் கொண்டே மீன் தன் எல்லையை வகுக்கிறது. அவை மாறினால் உரிமையும் தளர்கிறது. பின்னர் மற்றவற்றுக்கு இரையிட்டு, விளக்கணைத்து, இறுதியாக அதனை விட்டோம். துரத்தல் வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் நின்றதெனக் கூற இயலாது.

ஆஸ்கர் மீனுக்கு இம்முறை உதவாது. வாய்க்குள் அடங்கும் மீனை அது விழுங்கியே விடும். ஆகவே வாங்குமுன் அதன் முழுவளர்ச்சியைக் கேட்டறிதல் நன்று.

கௌராமியின் வால் இப்போது மீண்டும் வளர்ந்து வருகிறது.