சாம்பல் அணில் கட்டுப்பாட்டில் காற்றுத் துப்பாக்கி

சாம்பல் அணில், 1876இல் வட அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்தில் கொண்டுவந்து விடப்பட்ட அயல் இனமாகும். மரப்பட்டையை உரித்துச் சேதம் விளைவிக்கும் இதனை, நில உரிமையாளரின் இசைவுடன் காற்றுத் துப்பாக்கியால் சுடலாம்.

அங்கு உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய காற்று ரைபிளின் ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு (சுமார் 16 ஜூல்). விலை கூடினாலும் இவ்வரம்பு மாறாது. எனவே குறைந்த விலையில் வாங்குவோர் குறி தவறாமையையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். சுருள்வில் வகை மலிவானது. காற்று நிரப்பும் கருவி தேவையில்லை. ஆனால் சுடும்போது அதிர்வதால் மிகுந்த பயிற்சி தேவை. தலையில் படாத குண்டு அணிலைக் கொல்லாமல் துன்புறுத்திவிடும்.

அயலாரின் இசைவின்றிக் குண்டு எல்லை தாண்டுவது குற்றமாகும். சிவப்பு அணில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. சாம்பல் அணிலிலும் செந்நிறம் கலந்திருப்பதுண்டு. இனம் உறுதியாகத் தெரியாதபோது சுடலாகாது.