சூழொலி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்னும் பழம்பதி உளது. அவ்வூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் விளங்குகின்றது. அக்கோயில் மண்டபத்தின் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு பொறிக்கப்பெற்றுள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை, வாரியப் பெருமக்களைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கும் வகையை விரித்துரைக்கின்றன. ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையொன்றை எடுத்தல் வேண்டும். நடுவராக நிற்பவர் அதனை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தல் வேண்டும். பின்னர் மண்டபத்தின் உள்ளிருக்கும் நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசித்தல் வேண்டும் என்பது விதி.

ஒருவர் வாசித்தல் போதாதோ? பலர் வாசித்தல் எதற்கு? விரித்த உள்ளங்கை அவையோர் கண்ணுக்குச் சான்று. பலர் வாய்ச்சொல் அவையோர் செவிக்குச் சான்று. அருகிருப்பார் மட்டும் கேட்டு, சேய்மையில் இருப்பார் கேளாதொழியின் அத்தேர்தலில் ஐயம் பிறக்கும். ஒலி அவையிலுள்ளார் அனைவரையும் சென்றடைதல் வேண்டும் என்னும் கருத்து இவ்விதியில் அடங்கியுள்ளது எனலாம்.

இந்நாளில் இல்லங்களில் சூழொலிக் கருவிகளை அமைத்து மகிழ்வோர் பலர் உளர். படம் பார்ப்பவரைச் சுற்றிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தி, மழை பெய்யுங்கால் மழையின் நடுவே இருப்பது போலவும், தேர் ஓடுங்கால் தேர் தம்மைக் கடந்து செல்வது போலவும் உணரச் செய்வது சூழொலி. இதனைக் கடைகளில் சர்ரவுண்டு சவுண்டு என்பர். சென்னை ரிச்சித் தெருவில் உறுப்புகளை வாங்கித் தாமே கூட்டிணைப்பாரும் உளர். இக்கலையின் இயல்பை அறிதற்கு முதற்கண் செவியின் இயல்பை அறிதல் வேண்டும்.

கண்ணை மூடியிருப்பினும் அழைப்பவர் எத்திசையில் நிற்கின்றார் என்பதைச் செவி அறிந்துகொள்ளும். இரு செவிகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவிற் செல்வது. வலப்புறம் எழும் ஒலி வலச்செவியை முன்னரும், இடச்செவியைச் சிறிது பின்னரும் எய்தும். அவ்வேறுபாடு மிகப் பெரிதாயவிடத்தும் ஒரு நொடியைப் பதினாயிரம் கூறாக்கிய வழி ஆறேழு கூறே ஆகும். அத்துணை நுண்ணிய காலத்தையும் மூளை கணக்கிட்டுத் திசையை உணர்த்துகின்றது. மேலும், மிக்க அதிர்வெண்ணுடைய ஒலியைத் தலை மறைத்தலால், மறுபுறச் செவிக்கு அது மெலிந்து கேட்கும். காலமும் வலிமையும் ஆகிய இவ்விரண்டுமே திசையறி கருவிகள் என்பதை 1907-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ராலே பிரபு விளக்கினார். முன், பின், மேல் என்னும் வேறுபாடுகளைப் புறச்செவியின் மடிப்புகள் அறிவிக்கின்றன.

இவ்வியல்பைக் கருவியாற் பயன்படுத்தும் முயற்சி நெடுநாளைக்கு முன்னரே தோன்றியது. 1881-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் நடந்த மின்பொருட்காட்சியில், கிளெமாந்து அதேர் என்பார் இசையரங்கின் ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியே கொணர்ந்து, இரு செவிக்கும் தனித்தனியே கேட்கச் செய்தார். 1931-இல் பிரித்தானியப் பொறியியலார் ஆலன் புளூம்லைன் ஸ்டீரியோ எனப்படும் இருவழி ஒலிக்குக் காப்புரிமை வேண்டினார். வால்ட் டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’ என்னும் படம் 1940-இல் பல ஒலிபெருக்கிகளின் துணைகொண்டு திரையிடப்பெற்றது. தமிழ்ப் படங்களுள் 1995-இல் வெளிவந்த ‘குருதிப்புனல்’ டால்பி சூழொலி முறையில் அமைந்தது. 2012-இல் முப்பரிமாணத்தில் வெளிவந்த ‘சிவாஜி’, தலைக்கு மேலும் ஒலிபெருக்கிகளை அமைக்கும் டால்பி அட்மாஸ் முறையை மேற்கொண்டது.

ஸ்டீரியோ முறையின் ஆற்றல் வியத்தற்குரியது. கச்சேரி ஒன்றை இரண்டு ஒலிபெருக்கிகளின் வழிக் கேட்குங்கால், ஒருபுறம் மிருதங்கமும் மறுபுறம் வயலினும் ஒலிக்க, பாடுவோர் குரல் இரண்டிற்கும் நடுவே, பெட்டி ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து எழுவது போலத் தோன்றும். அக்குரல் இரு பெட்டிகளிலிருந்தும் ஒத்த வலிமையோடு ஒரே காலத்தில் வருதலே இதன் காரணம்.

ஆயினும், பக்கத்திலும் பின்னும் எழும் ஒலியை இரு பெட்டிகளாற் காட்டுதல் அரிது. எனவே இல்லங்களில் ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழொலிப் பெட்டியும் அமைப்பர். இதுவே 5.1 எனப்படும். முன்னே மூன்றும், பக்கங்களிற் சற்றுப் பின்தள்ளி இரண்டும் நிற்கும். முன்னுள்ளவற்றுள் நடுப்பெட்டி பெரும்பாலும் உரையாடலுக்கு உரியது. சப்வூஃபர் எனப்படும் தாழொலிப் பெட்டிக்கென ஒதுக்கப்பெறும் ஒலி ஏறத்தாழ 120 அதிர்வெண்ணுக்கு உட்பட்டது. அதன் எல்லை குறுகியதாதலின் அதனை ஒன்றாக எண்ணாது, புள்ளிக்குப் பின்னே குறித்தனர். தாழொலியின் அலை மிக நீண்டதாதலின், அதன் திசையைச் செவி எளிதில் அறிவதில்லை. ஆதலின் அதற்கு ஒரு பெட்டியே அமையும்.

பெட்டிகளை நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை. உத்திரமேரூரை அடுத்த சிற்றூரில் உள்ள வீடு ஒன்றைக் கருதுக. கூடத்தின் நடுவே நாற்காலி ஒன்று கிடக்கின்றது. அதிலிருந்து முன்பெட்டிகள் 3 மீட்டர் தொலைவிலும், பின்பெட்டிகள் 1 மீட்டர் தொலைவிலும் உள்ளன. இரண்டும் ஒரே கணத்தில் ஒலிப்பினும், பின்பெட்டியின் ஒலி, நொடியை ஆயிரங் கூறாக்கிய வழி ஏறத்தாழ ஆறு கூறு முந்தி வரும். ஒரே ஒலி பல இடங்களிலிருந்து வருமாயின், முந்தி வந்ததன் திசையையே செவி உண்மைத் திசையாகக் கொள்ளும். இதனை 1949-இல் ஜெர்மானியராகிய ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து கூறினார். எனவே, பின்பெட்டியின் ஒலியைச் சிறிது தாமதிக்கச் செய்தல் வேண்டும். பிறந்த ஒலியைத் தடுத்து நிறுத்துதல் கூடுமோ? எண்ணாக மாற்றின் கூடும்.

ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அளவைகளை எண்களாகக் குறித்துக்கொள்ளும் முறை டிஜிட்டல் எனப்படும். ஓர் ஒலியைக் குறைவின்றி மீட்பதற்கு, அதிலுள்ள மிகப் பெரிய அதிர்வெண்ணின் இருமடங்கிற்கும் மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும் என்பதை அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். மனிதச் செவி 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வெண்களைக் கேட்கும். ஆதலின் 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறையும், படங்களுக்குரிய ஒலியிற் பெரும்பாலும் 48,000 முறையும் அளக்கின்றனர்.

எண்ணாகியபின் ஒலியைக் கணக்கினால் ஆளலாம். நொடிக்கு 48,000 எண்கள் வருமாயின், மேற்கூறிய ஆறு கூறு தாமதத்திற்கு ஏறத்தாழ 280 எண்களை நினைவகத்தில் நிறுத்திவைத்து, வரிசை மாறாது பின்னர் விடுத்தல் போதும். உரத்த ஒலியைத் தணித்தற்கு ஒவ்வோர் எண்ணையும் ஒரு சிற்றெண்ணாற் பெருக்குதல் போதும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் குறைத்தற்கு, அடுத்தடுத்து வரும் எண்களை உரிய அளவிற் பெருக்கிக் கூட்டும் வடிகட்டி உண்டு. தாமதித்தல், வலிமை ஒத்தல், வடிகட்டல் ஆகிய இம்மூன்றுமே ஒலிச் செயலாக்கத்தின் அடிப்படைத் தொழில்கள். ரிசீவர் எனப்படும் பெட்டியினுள் சிறியதொரு சில்லு இவற்றை ஓயாது செய்கின்றது. கேட்பவர் இருக்கையில் ஒலிவாங்கி ஒன்றை வைத்தால், அக்கருவி ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சோதனையொலி எழுப்பி, தொலைவையும் வலிமையையும் தானே அளந்து திருத்திக்கொள்ளும்.

அங்ஙனமாயின் எல்லாக் குறைகளையும் கருவியே நீக்கிவிடுமோ? நீக்காது. கூடத்தின் எதிரெதிர்ச் சுவர்கள் 4 மீட்டர் இடைவெளியில் இருப்பின், 8 மீட்டர் நீளமுள்ள அலை அவற்றிடையே நிலைபெறும். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 42. அவ்வொலி சுவரோரத்தில் மிக முழங்கும், நடுவிடத்தில் கேளாதொழியும். ஓரிருக்கையில் மிக்கு ஒலிப்பதைக் கருவி குறைக்கலாம். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்திலோ, எத்துணை வலிமை கூட்டினும் அவ்வலிமையும் உடனழியும்; ஒலிபெருக்கிக்கு வருத்தமே மிஞ்சும். அவ்விடத்து நாற்காலியைச் சிறிது நகர்த்துதலே தக்க மருந்து.

சிமெண்டுச் சுவரும் வழவழப்பான தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்புவன. அதனாற் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். இக்குழப்பத்தையும் கணக்கினால் முற்றும் போக்குதல் இயலாது. தடித்த திரைச்சீலை, பஞ்சு மெத்தை, சமுக்காளம், புத்தகங்கள் நிறைந்த அலமாரி ஆகியவை அதனைத் தணிக்கும். கீற்றுக் கூரை வேய்ந்த வீட்டில் இக்குறை குறைவாக இருத்தலை எவரும் உணரலாம்.

இத்துறையில் ஈடுபட்டோரிடையே வழக்கொன்று நெடுநாளாக உண்டு. அளவையே சான்று என்பர் ஒரு சாரார். செவியே சான்று என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. விலை மிக்க பொருளை வாங்கினோர்க்கு அது நன்றாக ஒலிப்பதாகவே தோன்றுதல் இயல்பு. அம்மயக்கத்தை அளவை நீக்கும். ஒலிவாங்கி வைத்த இடத்தைப் பற்றியன்றி, மற்றையோர் இருக்கும் இடத்தைப் பற்றி அளவை யாதும் கூறாது. அக்குறையைச் செவி நிரப்பும்.

முற்கூறிய வீட்டையே மீண்டும் நோக்குக. நடு நாற்காலியில் மகன் அமர்ந்துள்ளான். கருவி அவன் செவிக்கென்றே திருத்தப்பெற்றது. அவனுடைய பாட்டியோ பின்சுவரை ஒட்டிப் பாய்மேல் அமர்ந்துள்ளார். அவர் அருகே அரை மீட்டர் தொலைவில் பின்பெட்டி நிற்கின்றது. முன்பெட்டிகளோ மூன்றரை மீட்டருக்கு அப்பால் உள்ளன. அவருக்கு வேண்டிய தாமதம் ஒன்பது கூறு. கருவி தருவதோ ஆறே. எனவே பின்னெழும் மழையொலியும் ஆரவாரமும் முந்தியும் உரத்தும் வந்து, முன்னெழும் உரையை மறைக்கின்றன. மகன் வியந்து மகிழும் அதே காட்சியில், “அவன் என்ன சொன்னான்?” என்று பாட்டி வினவுகின்றார். சிறிது நேரத்தில் வினவுதலையும் விடுத்து வாளா இருக்கின்றார்.

இதற்குத் தீர்வு புதுக் கருவி வாங்குதல் அன்று. ஒலிவாங்கியை நடு நாற்காலியில் மட்டுமன்றிப் பாயருகிலும் வைத்து அளத்தல் வேண்டும். பின்பெட்டியைச் செவிக்கு மேலாக உயர்த்தி, வலிமையைச் சிறிது தணித்தல் வேண்டும். உரை வரும் நடுப்பெட்டியின் வலிமையைச் சிறிது கூட்டுதல் வேண்டும். இவற்றால் நடு நாற்காலியின் இன்பம் ஓரளவு குறையலாம். ஆயினும் பாட்டிக்குக் கதை விளங்கும்.

வலிமையிலும் அளவு வேண்டும். 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேலும், 90 டெசிபெல் ஒலியை 4 மணி நேரத்திற்கு மேலும் கேளாதிருத்தல் நன்று என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அயலார் நலமும் கருதத்தக்கது. தாழொலி சுவரையும் கடந்து செல்வது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் காட்டும் எல்லை. அவ்விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரையாகும். அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவனும், கைக்குழந்தையை உறங்க வைக்கும் தாயும் இருத்தல் கூடும்.

திருவள்ளுவர் கேள்வி என்பதற்குத் தனியோர் அதிகாரமே வகுத்தார். கேட்டல் அத்துணைச் சிறப்புடையது. எண்ணும் கருவியும் பெருகிய இக்காலத்தில், ஒலியைக் காலமறிந்து நிறுத்தவும் விடுக்கவும் மனிதன் கற்றுள்ளான். அவ்வாற்றல் ஓர் இருக்கைக்கு மட்டும் பயன்படின் அது பொழுதுபோக்கு. கூடத்தில் இருப்பார் அனைவர்க்கும் பயன்படின் அது நற்பண்பு. கருவி அமைத்து முடித்தவர், தம் நாற்காலியை விட்டெழுந்து, கூடத்தின் கடைசி இடத்திற் சென்றமர்ந்து ஒருமுறை கேட்பாராக. உத்திரமேரூர் மண்டபத்தில், எடுத்த ஓலையைப் பலரும் வாசித்தது அவையினர் அனைவரும் கேட்டற்பொருட்டே அன்றோ?